பால்மரமும் பாதக் காயமும்: ஆறும் காயத்தின் வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காயம் எப்படி ஆறுகிறது? இந்தக் கேள்விக்குத் தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கு ஒரு பதில் தெரிந்திருந்தது. அவர்கள் பள்ளிக்கூடத்தில் படித்த பதில் அல்ல அது. தினமும் விடியுமுன்னே எழுந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நூற்றுக்கணக்கான மரங்களில் காயம் போட்டு, அந்தக் காயம் ஆறுவதைக் கண்ணால் பார்த்த பதில். பால் வெட்டு என்றால் என்ன? மரம் சாகாத அளவுக்கு அதற்குக் காயம் செய்வதும், அந்தக் காயம் ஆறியபின் மீண்டும் அதே இடத்துக்கு வருவதும்தானே!

மருத்துவம் எனது துறையல்ல. அதை இங்கே அமர்ந்திருக்கும் மருத்துவர்கள் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வரலாறு. மலாக்காவின் பால்மரக் காட்டில் தொடங்கி, சுவீடன் நாட்டு ஆய்வுக்கூடம் வரை போய், மறுபடியும் ஜாசினுக்கும் மெர்லிமாவுக்கும் அலோர் காஜாவுக்கும் திரும்பி வருகிற வரலாறு அது. நமது சமுதாயத்தில் இன்று பலருடைய கால்கள் அந்த வரலாற்றின் கடைசிப் பக்கத்தில் நிற்கின்றன. அதனால்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

புக்கிட் லிந்தாங்கில் ஒரு தொடக்கம்

1896-ஆம் ஆண்டு. மலாக்காவைச் சேர்ந்த சீனத் தொழில்முனைவர் டான் சாய் யான், புக்கிட் லிந்தாங்கில் ஏறக்குறைய 40 ஏக்கரில் பால்மரம் நட்டார். மலாயாவில் வணிக நோக்கத்தோடு எழுந்த முதல் ரப்பர் தோட்டம் என்று அதையே வரலாறு குறிக்கிறது. பின்னர் புக்கிட் அசகானில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் அளவுக்கு அவர் கை நீண்டது. அவரைத் தூண்டியவர் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஹென்றி ரிட்லி.

ரிட்லி செய்த பெரிய காரியம் விதை கொடுத்தது மட்டுமல்ல. பிரேசில் காடுகளில் மரத்தைக் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் ஆழமாகக் காயம்பட்டு நலிந்தது. 1890-களில் ரிட்லி வேறொரு வழியைக் காட்டினார். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும். உள்ளே இருக்கும் வளரும் படலத்தைத் தொடக்கூடாது. அடுத்த முறை அதே வெட்டின் ஓரத்தையே மறுபடியும் சீவ வேண்டும். இப்படிச் செய்தால் பட்டை புதிதாக வளரும், சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் மீண்டும் வெட்டலாம். மலாயாவின் ரப்பர் பொருளாதாரம் முழுவதும் "காயம் ஆறும்" என்ற இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் நின்றது.

அந்த நம்பிக்கையை நாள்தோறும் கையில் பிடித்து நடத்தியவர்கள் தமிழர்கள். கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரத்தில் முடிச்சு விழும். மரத்தைக் காயப்படுத்தியதற்குத் தண்டலின் ஏச்சு கிடைக்கும். மரத்தின் காயத்துக்கு அவ்வளவு கணக்குப் பார்த்தார்கள். மனிதனின் காயத்துக்கு?

மரத்துக்குள் ஒரு மல்லிகை

அதற்கு முன், மரம் எப்படித் தன்னைக் குணப்படுத்திக்கொள்கிறது என்று பார்த்துவிடுவோம்.

பட்டையைச் சீவியதும் பால் வடிகிறது. சில மணி நேரத்தில் வெட்டின் மேல் பால் உறைந்து ஒட்டுப்பாலாகிறது. நம் விரலில் இரத்தம் உறைவது போலத்தான். அத்தோடு நிற்பதில்லை. காயம் பட்ட செய்தி பட்டைக்குள் பரவுகிறது. அந்தச் செய்தியைக் கொண்டு போகிற பொருள்களுள் ஒன்றுக்கு ஜாஸ்மோனிக் அமிலம் என்று பெயர். இதன் உறவுப் பொருள் ஒன்றை 1962-இல் மல்லிகை எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்கள். அதனால்தான் பெயரிலேயே மல்லிகை மணக்கிறது. 2000-ஆம் ஆண்டில் சீன ஆய்வாளர்கள் இந்த அமிலத்தைப் பால்மரத்தில் வைத்துப் பார்த்தபோது, பட்டைக்குள் புதிய பால்குழாய்கள் உருவாயின. காயம் பட்டால் பால்குழாய் பெருகுவதற்கும் இந்தப் பொருளுக்கும் உள்ள தொடர்பு அங்கே வெளிப்பட்டது.

பால் அதிகம் வடிவதற்காகப் பட்டையில் மருந்து பூசுவதை உங்களில் மூத்தவர்கள் பார்த்திருப்பீர்கள். எத்திஃபான் என்ற அந்த மருந்து, மரத்துக்குள் போனதும் எத்திலீன் வாயுவை வெளியிடும். வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். அதுவும் ஒரு தாவர ஹார்மோன். அது பால் சீக்கிரம் உறைந்துவிடாமல் தள்ளிப் போடுகிறது.

இந்தக் கதையில் ஒரு வியப்பு உண்டு. மரம் கொழுப்பு அமிலம் ஒன்றை எடுத்து வளைத்து ஜாஸ்மோனிக் அமிலம் செய்கிறது. நம் உடம்பும் கொழுப்பு அமிலம் ஒன்றை எடுத்து வளைத்து, அதே சாயலில் இன்னொரு பொருளைச் செய்கிறது. அதன் பெயர் புரோஸ்டாகிளாண்டின். மரமும் மனிதனும் காயத்துக்குப் பேசுகிற மொழி ஏறக்குறைய ஒரே குடும்பத்து மொழி.

டிரெசரும் மஞ்சள் மருந்தும்

இப்போது மனிதனின் காயத்துக்கு வருவோம். தோட்டத்தில் ஆஸ்பத்திரி இருந்தது. அதில் டிரெசர் இருந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர் என்பதுதான் அந்தப் பெயரின் பொருளே. மஞ்சள் நிற அக்ரிஃபிளேவின், ஊதா மருந்து, பஞ்சு, துணிக்கட்டு இவையே அவருடைய ஆயுதங்கள். வெளிக்காட்டு வேலையில் கிழித்த முள்ளும், அட்டைக் கடியும், கத்தி வெட்டும் தோட்டத்து மனிதர்களின் கால்களில் ஆறாத புண்களாக மாறின. போதிய புரதச்சத்து இல்லாத உடம்பில், ஈரத்திலும் சேற்றிலும் நின்ற கால்களில், புண் சும்மா ஆறிவிடுமா?

இதன் கொடுமையான எல்லையைச் சயாம் மரண ரயில் காட்டியது. 1942-இலிருந்து 1943 வரை, 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஜப்பானியர்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களைக் கொண்டு போனார்கள். அங்கே காலரா, மலேரியா இவற்றோடு மக்களைத் தின்றது வெப்பமண்டலப் புண். மூங்கில் கீறிய ஒரு சிறு கீறல், எலும்பு தெரியும் அளவுக்கு அழுகியது. பலருக்குக் காலையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. பட்டினி கிடக்கும் உடம்பால் தோலைக் கட்ட முடியாது என்ற உண்மையை, நம் மக்கள் உயிரைக் கொடுத்து உலகுக்குக் காட்டினார்கள்.

எலியின் தோலில் கிடைத்த துப்பு

அதே காலகட்டத்தில் உலகின் வேறு மூலைகளில் சில மனிதர்கள் வேறு கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

1929-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்டிரட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தார்கள். எலிகளின் தோல் செதில் செதிலாக உரிந்தது, வால் புண்ணானது, வளர்ச்சி நின்றது. சிறிதளவு குறிப்பிட்ட கொழுப்பு அமிலம் கொடுத்ததும் தேறின. தோலுக்குக் கொழுப்பு அமிலம் இன்றியமையாதது என்று உலகம் அறிந்தது. ஏன் என்று மட்டும் தெரியவில்லை.

1935-இல் சுவீடன் நாட்டு உல்ஃப் வான் ஆய்லர், விந்து திரவத்தில் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பொருளைக் கண்டார். அது புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக எண்ணி, 'புரோஸ்டாகிளாண்டின்' என்று பெயர் வைத்தார். பெயர் பொருந்தவில்லை. ஏனென்றால் உடம்பின் ஏறக்குறைய எல்லாத் திசுக்களும் அதைச் செய்கின்றன என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் பெயர் நிலைத்துவிட்டது.

1964-இல் இரண்டு துப்புகளும் ஒன்று சேர்ந்தன. சூன பெர்க்ஸ்ட்ராமும், நெதர்லாந்தின் வான் டோர்ப்பும் தனித்தனியே ஒரே உண்மையைக் காட்டினார்கள். எலியின் தோலைக் காத்த அந்தக் கொழுப்பு அமிலக் குடும்பத்தைச் சேர்ந்த அராக்கிடோனிக் அமிலத்திலிருந்துதான் உடம்பு புரோஸ்டாகிளாண்டினைச் செய்கிறது.

1971-இல் இலண்டனில் ஜான் வேன் இன்னொரு கதவைத் திறந்தார். ரிட்லி மரத்தைச் சீவக் கற்றுக்கொடுத்த அதே காலத்தில், 1897-இல் ஜெர்மனியில் உருவான மருந்து ஆஸ்பிரின். முக்கால் நூற்றாண்டாக உலகமே விழுங்கிய அந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. அது புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்று வேன் நிரூபித்தார். பெர்க்ஸ்ட்ராம், சாமுவேல்சன், வேன் மூவருக்கும் 1982-இல் நோபல் பரிசு கிடைத்தது.

லயத்துச் சுவரும் தோட்டத்து மணியும்

இவற்றை ஏன் 'ஹார்மோன் போன்ற பொருள்கள்' என்கிறார்கள்? தோட்டத்து உதாரணமே சொல்கிறேன். ஹார்மோன் என்பது தோட்டத்து மணி மாதிரி. ஓரிடத்தில் அடித்தால் எல்லா லயத்துக்கும் கேட்கும். சுரப்பியில் பிறந்து இரத்தத்தில் ஓடி உடம்பெங்கும் போகிறது. புரோஸ்டாகிளாண்டின் அப்படியல்ல. அது லயத்துச் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் இங்கே வாங்க!" என்று பக்கத்து வீட்டைக் கூப்பிடுவது மாதிரி. பிறந்த இடத்திலேயே வேலை செய்து, விரைவிலேயே மறைந்துவிடும்.

கத்தி பட்ட முதல் நிமிடத்தில், இரத்தத் தட்டுகள் திராம்பாக்சேன் என்ற பொருளை வெளியிடுகின்றன. இரத்தக் குழாய் சுருங்குகிறது, தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, இரத்தம் நிற்கிறது. அடுத்து புரோஸ்டாகிளாண்டின் இ-2 வருகிறது. அது குழாயை விரிக்கிறது. காயத்தைச் சுற்றிச் சிவப்பும் சூடும் வீக்கமும் வலியும் அதனால்தான். நாம் அதை நோய் என்று நினைக்கிறோம். உண்மையில் வெள்ளணுக்களுக்கு வழி திறந்துவிடும் வேலை அது.

வீக்கம் எப்போது அடங்க வேண்டும் என்று யார் சொல்வது? இங்கேதான் அண்மைக்கால அறிவியல் நமக்கு ஒரு புதுப் பாடம் சொன்னது. 1984-இல் சாமுவேல்சனும் சார்ல்ஸ் செர்ஹானும் லிப்பாக்சின் என்ற பொருளை அறிவித்தார்கள். அது அழற்சியை அடக்கும் பொருள். 2001-இல் செர்ஹான் குழுவினர், அழற்சியைக் கிளப்பிய அதே புரோஸ்டாகிளாண்டின் இ-2தான், "போதும், இனி லிப்பாக்சின் செய்யுங்கள்" என்று வெள்ளணுக்களுக்குச் சொல்கிறது என்று காட்டினார்கள். கூட்டத்தைக் கூட்டியவரே கூட்டத்தைக் கலைக்கவும் செய்கிறார்! அழற்சி தானாக அணைவதில்லை, அணைக்கப்படுகிறது.

அதன்பிறகு தோலின் அணுக்கள் காயத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகர்ந்து மூடுகின்றன. 2014-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறக்கும் இன்னொரு பொருள் இந்த நகர்வை விரைவுபடுத்துகிறது என்றும், அதிக அளவு ஆஸ்பிரின் கொடுத்த எலிகளில் காயம் ஆறுவது தாமதமாகிறது என்றும் கண்டார்கள்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். இருதயத்துக்காக மருத்துவர் கொடுக்கும் குறைந்த அளவு ஆஸ்பிரினை, இதைக் கேட்டுவிட்டு யாரும் நிறுத்திவிடக்கூடாது. எலிக்குக் கொடுத்த அளவு வேறு. உங்கள் உயிரைக் காக்கும் அளவு வேறு.

அல்லூரில் பிடித்த ஹாருவான்

இனி நம் நாட்டுக் கதை. அல்லூரிலும் குளத்திலும் பிடிக்கும் விரால் மீன். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்பார்கள். சங்கப் பாடல்களில் வயலில் துள்ளும் வரால் இதுதான். அறுவைச் சிகிச்சை முடிந்தாலோ, பிரசவம் ஆனாலோ, மலாய்க்காரர் வீட்டிலும் சீனர் வீட்டிலும் இந்த மீனில் சூப்பு வைத்துக் கொடுப்பார்கள். அண்டை வீட்டுப் பழக்கம் நம் பத்தியச் சாப்பாட்டிலும் நுழைந்துவிட்டது.

இது வெறும் நம்பிக்கையா? 1994-இல் அப்துல் மானான் மாட் ஜாய்ஸ் என்ற மலேசிய ஆய்வாளரும் அவரோடு இணைந்தவர்களும் ஹாருவானின் சத்துகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதில் அராக்கிடோனிக் அமிலம் குறிப்பிடத்தக்க அளவில் இருந்தது. தோலின் கட்டுமானப் பொருளான கொலாஜனுக்கு வேண்டிய கிளைசின் போன்ற அமினோ அமிலங்களும் இருந்தன. 2000-ஆம் ஆண்டில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், ஹாருவான் சாறு சேர்த்த களிம்பு பூசிய எலிகளின் காயம் கூடுதல் உறுதியோடு கூடியது. பின்னர் 2015-இல் வெளியான ஆய்வில், சிசேரியன் பிரசவமான தாய்மார்களுக்கு ஆறு வாரம் ஹாருவான் சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். தழும்பின் தோற்றத்தில் நன்மை தெரிந்தது. வலியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

ஆக, பாட்டி சொன்னது பொய்யல்ல. ஆனால் பாட்டி சொன்னது முழு மருத்துவமும் அல்ல. முட்டையிலும் இறைச்சியிலும்கூட அராக்கிடோனிக் அமிலம் உண்டு. சமையல் எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலத்திலிருந்தும் உடம்பே அதைச் செய்துகொள்ளும். நல்ல புரதம் தரும் நல்ல மீன் என்று ஹாருவானை மதிப்போம். ஒரு கிண்ணம் சூப்பில் அழுகிய கால் ஆறிவிடும் என்று நம்ப வேண்டாம்.

மஞ்சளுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1995-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியாவின் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்றாக வைத்து எதிர்த்தது. 1997-இல் காப்புரிமை இரத்தானது. நம் பாட்டிமார்களின் அஞ்சறைப் பெட்டி உலக வழக்கில் வென்ற கதை அது. மஞ்சளிலுள்ள குர்குமின், புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தணிக்கிறது என்று ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டுகின்றன. ஆனாலும் அதுவும் நீரிழிவுப் புண்ணுக்கு மாற்று மருந்தல்ல.

தோட்டம் போனது, சர்க்கரை வந்தது

இப்போது நம் பக்கத்துக்கு வருவோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டத்து மக்கள் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, மலாக்கா நகர் என்று இடம் பெயர்ந்தார்கள். நடந்த கால்கள் மோட்டார் சைக்கிளில் ஏறின. புண் போனதா? போகவில்லை. பெயர் மாறியது. அன்று பட்டினிப் புண். இன்று சர்க்கரைப் புண்.

2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் 18 வயதுக்கு மேற்பட்டோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களில் மட்டும் அது 31.4 விழுக்காடு. மூவரில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம்.

நீரிழிவு உள்ளவர்களின் காயத்தில் என்ன கோளாறு? இரத்த ஓட்டம் குறைகிறது. நரம்பு மரத்துப் போகிறது. முள் குத்தினாலும் தெரிவதில்லை. அதற்கும் மேலே, கூட்டத்தைக் கலைக்கச் சொல்லும் செய்தி சரியாகப் போய்ச் சேருவதில்லை. அழற்சி அணையாமல் புகைந்துகொண்டே இருக்கிறது. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், நீரிழிவு எலிகளின் தோலில் கிருமி தொற்றியபோது, லியூக்கோட்ரையின் பி-4 என்ற அழற்சிப் பொருள் அளவுக்கு மீறிப் பெருகி, கிருமியை எதிர்க்கும் ஆற்றலையே கெடுப்பதைக் கண்டார்கள். எரிகிற வீட்டுக்கு ஆளைக் கூப்பிடலாம். வந்தவர்களே வீட்டை இடித்துவிட்டால்?

இன்னொரு ஆபத்து பாசார் மாலாமில் விற்கிறது. உடல் வலிக்கும் மூட்டு வலிக்கும் என்று விற்கப்படும் பதிவில்லாத 'பாரம்பரிய' மருந்துகள் சிலவற்றில் டெக்சாமெதாசோன் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. அது ஒரு செயற்கை ஹார்மோன். 1950-இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த கார்ட்டிசோனின் வம்சம். அராக்கிடோனிக் அமிலம் வெளிவருவதையே அது தடுக்கிறது. வலி பறந்துவிடும், இரண்டே நாளில் "அருமையான மருந்து" என்போம். ஆனால் சர்க்கரை ஏறும், காயம் ஆறாது, கிருமி உள்ளே பரவினாலும் வெளியே தெரியாது. மருத்துவர் கையில் உயிர் காக்கும் மருந்து, தெருக் கடையில் காலைப் பறிக்கும் மருந்து ஆகிறது. அதை நெடுநாள் சாப்பிட்டவர்கள் திடீரென்று தாங்களே நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். மருந்துப் பெட்டியில் 'மால்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

நமக்கு ஒரு வேண்டுகோள்

நேயர்களே, நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. "சின்னப் புண்தானே" என்று அப்பா மறைப்பார். "ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள்" என்று அம்மா பயப்படுவார். பயந்து பயந்து, எடுக்க வேண்டிய நிலை வந்தபின் போவோம். பிறகு ஆஸ்பத்திரியைக் குறை சொல்வோம். உண்மை நேர்மாறானது. சீக்கிரம் போன காலைத்தான் காப்பாற்ற முடியும். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் பாதத்தைச் சோதிக்கச் சொன்னால் சோதிப்பார்கள். கேளுங்கள்.

தினமும் இரவு பெற்றோரின் பாதத்தைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். விரல் இடுக்கு, குதிகால், நகத்தோரம். அவர்களுக்கு வலிக்காது என்பதால் உங்கள் கண்தான் அவர்களுடைய நரம்பு. வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லுங்கள். கோயிலில் வெறுங்காலோடு சுடுதரையில் நடந்து வந்தால், அன்றைக்குக் கட்டாயம் பாருங்கள். சிவப்போ, கொப்புளமோ, ஒரு சிறு கீறலோ தெரிந்தால் மறுநாளே மருத்துவரிடம் போங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். விரால் சூப்பு தாராளமாகக் குடிக்கட்டும். மருந்தோடு சேர்த்துக் குடிக்கட்டும்.

பட்டையில் ஒரு நூல் ஆழமாகக் கத்தி போனால்கூடக் கண்டுபிடித்த கண்கள் நம் முன்னோரின் கண்கள். வெள்ளைக்காரத் துரையின் மரத்துக்குக் காட்டிய அந்தக் கவனத்தை, நம்மைப் பெற்றவர்களின் பாதத்துக்குக் காட்ட நமக்கு நேரமில்லையா?